ஒரு பாக்கெட் பாப்கார்ன் பதமா?

மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க. ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸ் லேபில் சிம்பிள் பெண்டுலம் ஆட்டினப்போ உங்களுக்குக் கிடைத்த 'ஜி' மதிப்பு என்ன?

9.8 தானே? பக்கத்து பெஞ்சுக்கு? அவங்களுக்கும் 9.8. அது எப்படி பாஸ், மொத்த கிளாஸுக்கும் ஒரே விடை? ஸ்கேல் முனை தேய்ந்து போயிருக்கும். ஸ்டாப் வாட்ச் மூட் வந்தால்தான் ஓடும். இருபது ஆட்டம் எண்ணும்போது பக்கத்தில் நிற்கிறவன் நேற்று பார்த்த படத்தோட கதையைச் சொல்லிக்கொண்டிருப்பான். ஆனாலும் விடை மட்டும் கச்சிதம்!

ரகசியம் ஊருக்கே தெரியும். விடையை முதலில் எழுதிக்கொண்டு, ரீடிங்கைப் பின்னாலிருந்து 'தயாரிப்பது'. சீனியர் ரெக்கார்டு நோட்டு வாழ்க!

இப்படிச் செய்தால் மார்க் வந்துவிடும். ஆனால் விடை தெரியாத கேள்வி ஒன்று எதிரே வந்து நின்றால் என்ன பண்ணுவது என்கிற பழக்கம் மட்டும் வராது. நாளைக்கு வேலையிலும் சரி, ஆராய்ச்சியிலும் சரி, உங்கள் முன்னால் வரப்போவது எல்லாமே அந்த மாதிரிக் கேள்விகள்தான். அதனால் இந்த வாரம் எந்த சீனியர் நோட்டிலும் விடை இல்லாத ஒரு எக்ஸ்பெரிமென்ட். நாலு பேர் சேர்ந்தால் செலவு அதிகமில்லை. முடிந்ததும் சாப்பிட்டுவிடலாம்!

கேள்வி இதுதான். கடையில் இரண்டு பிராண்டு மைக்ரோவேவ் பாப்கார்ன் இருக்கிறது. ஒன்று சிவப்பு பாக்கெட், இன்னொன்று நீல பாக்கெட். (நிஜப் பெயர் எதற்கு, வம்பு!) எதில் பொரியாமல் அடியில் தங்கும் சோளம் குறைவு?

"இதுக்கெல்லாமா ஸ்டாட்டிஸ்டிக்ஸ்? ஆளுக்கு ஒரு பாக்கெட் வாங்கு, பொரி, எண்ணு, முடிஞ்சது!" என்று உங்க குரூப்பில் ஒருத்தன் சொல்வான். சொல்லட்டும். அவனுக்குத்தான் இந்தக் கட்டுரை.

சோறு வேறு, சோளம் வேறு

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். பாட்டி காலத்துப் பழமொழி, நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அதில் ஒளிந்திருக்கும் நிபந்தனையைக் கவனித்தீர்களா? ஒரே பானை, ஒரே அடுப்பு, ஒரே தண்ணீர். அதனால்தான் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தாலே மொத்தப் பானையும் தெரிந்துவிடுகிறது.

பாப்கார்ன் பாக்கெட் அப்படி இல்லை. ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு தனிப் பானை. ஒரே பிராண்டில் இரண்டு பாக்கெட் வாங்கிப் பொரித்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் சோளம் மிஞ்சாது.

ஏன் என்று கேட்டால், சோளம் பொரிகிற விதமே அப்படி. ஒவ்வொரு மணிக்குள்ளும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது. எடையில் சுமார் 14 சதவீதம் இருந்தால் நல்லது. சூடு ஏறும்போது அந்த ஈரம் ஆவியாகப் பார்க்கும், ஆனால் கெட்டியான மேல்தோல் அதை வெளியே விடாது. உள்ளே பிரஷர் ஏறி, சுமார் 180 டிகிரி செல்சியஸ் வரும்போது தோல் தாங்க முடியாமல் 'டப்'! மணிக்குள்ளேயே ஒரு பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோலில் சின்ன விரிசல் இருந்தால் ஆவி மெதுவாகக் கசிந்துவிடும். அந்த மணி பொரியாது.

அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தின் புரூஸ் ஹமேக்கர் குழு 2005-ல் இதை ஆராய்ந்தது. 14 ரகச் சோளங்களை மைக்ரோவேவில் பொரித்தார்கள். பொரியாமல் நின்றது ஒரு ரகத்தில் 4 சதவீதம், இன்னொன்றில் 47 சதவீதம்! வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம், மேல்தோல் எவ்வளவு ஈரத்தைப் பிடித்து வைக்கிறது என்பதுதான்.

அடுப்பின் சூடும் சும்மா இல்லை. 2015-ல் பிரான்ஸில் இம்மானுவேல் விரோட், அலெக்சாண்டர் பொனமரென்கோ என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். 170 டிகிரியில் பொரிந்தது 34 சதவீதம் மணிகள். 180 டிகிரியில் 96 சதவீதம். வெறும் பத்து டிகிரி பாஸ்!

இப்போது உங்க ஏரியா கரன்ட்டை நினைத்துப் பாருங்கள். ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் டிவியும் ஏசியும் ஓடும்போது வோல்டேஜ் இறங்கினால், மைக்ரோவேவின் வேகமும் இறங்கும். சிவப்பை மத்தியானம் பொரித்து, நீலத்தை ராத்திரி பொரித்தால், நீங்கள் கம்பேர் பண்ணியது பாப்கார்னையா, மின்வாரியத்தையா?

எட்டு பாக்கெட் திட்டம்

சரி, முறையாகச் செய்வோம். சிவப்பில் நாலு, நீலத்தில் நாலு. மொத்தம் எட்டு பாக்கெட், ஒரு மைக்ரோவேவ். ஹாஸ்டலில் வார்டன் விட மாட்டார், டே ஸ்காலர் நண்பனின் அம்மாவை ஐஸ் வையுங்கள்.

பாக்கெட்டுகளை ஒரே கடையில் ஒரே பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். அப்படி எடுத்தால் நீங்கள் சோதிப்பது பிராண்டை இல்லை, அந்த ஒரு பெட்டியை. நாலு கடை ஏறி இறங்குங்கள். தயாரிப்புத் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய சரக்கில் ஈரம் குறைந்திருக்கலாம்.

எந்த வரிசையில் பொரிப்பது? சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். முதல் பாக்கெட் போகும்போது அடுப்பு ஜில்லென்று இருக்கும், ஐந்தாவது போகும்போது சூடேறிக் கிடக்கும். நாலு சிவப்பையும் முதலில் முடித்துவிட்டால் அந்த லாபமோ நஷ்டமோ முழுக்கச் சிவப்பின் தலையில் விழும். சீட்டுக் குலுக்கினால் யாருக்கு எது என்று நாம் தீர்மானிக்கவில்லை, அதிர்ஷ்டம் தீர்மானிக்கிறது. புத்தகத்தில் 'ரேண்டமைசேஷன்' என்று மிரட்டுவார்களே, அது இதுதான். இரண்டு பாக்கெட்டுக்கு நடுவில் பத்து நிமிஷம் அடுப்புக்கும் ஓய்வு கொடுங்கள்.

எப்போது நிறுத்துவது? 'டப் டப்' சத்தத்துக்கு நடுவே இரண்டு விநாடி இடைவெளி விழுந்தால் ஸ்டாப் என்று விதி வைத்துக்கொள்ளலாம். ஸ்டாப் சொல்கிறவர் அடுப்புக்கு முதுகைக் காட்டி நிற்கட்டும். உள்ளே இருப்பது சிவப்பா நீலமா என்று தெரிந்தால், தனக்குப் பிடித்த கட்சிக்கு ஒரு விநாடி கூடக் கொடுக்கத் தோன்றும். வேணும்னே இல்லை, தன்னை அறியாமலே!

எண்ணுகிறவருக்கும் அதே சட்டம். பொரிந்ததைத் தட்டில் கொட்டி நம்பர் மட்டும் ஒட்டிக் கொடுங்கள். கலர் சொல்லக்கூடாது. எண்ணி முடிக்கும் வரை வாயில் போடவும் கூடாது. (இந்த விதியைத்தான் காப்பாற்றுவது கஷ்டம்!)

மிஞ்சிய சோளத்தை மட்டும் எண்ணினால் போதாது, பொரிந்ததையும் எண்ணுங்கள். ஒரு பாக்கெட்டில் சோளமே அதிகமாக இருக்கலாம் அல்லவா? அதனால் நமக்கு வேண்டியது எண்ணிக்கை இல்லை, சதவீதம். அப்புறம் அந்தப் பாதி வெடித்து வாய் பிளந்து நிற்கும் மணி இருக்கிறதே, அது பொரிந்த கணக்கா, பொரியாத கணக்கா? எதுவாகவும் இருக்கட்டும். ஆனால் முதல் பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன்னாலேயே ஒரு பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஏன் என்பது கடைசியில் புரியும்.

சிவப்பு ஜெயிச்சிடுச்சா?

எட்டு பாக்கெட்டும் முடிந்தது. சும்மா உதாரணத்துக்கு, பொரியாத சதவீதம் இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம்.

சிவப்பு: 6, 9, 11, 14. சராசரி 10.

நீலம்: 8, 12, 15, 17. சராசரி 13.

"மச்சி, சிவப்புதான் டாப்பு! மூணு சதவீதம் கம்மி!" என்று குரூப்பே குதிக்கும். ஒரு நிமிஷம். ஆளுக்கு ஒரு பாக்கெட் போதும் என்றானே நம்ம ஆள், அவன் வழியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று எடுக்க 16 வழி இருக்கிறது. அதில் 4 வழியில் நீலம்தான் ஜெயிக்கும்! 14 வந்த சிவப்பும் 8 வந்த நீலமும் கையில் கிடைத்திருந்தால், "நீலம்தான்டா கெத்து" என்று அவன் சத்தியம் பண்ணியிருப்பான். ஒரு பாக்கெட் பதம் இல்லை என்பது இப்போது தெரிகிறதா?

சரி, நாலு நாலு பாக்கெட் வாங்கிய நமக்காவது பதில் தெரியுமா? இங்கே ஒரு டீ கதை.

1920-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையம். முரியல் பிரிஸ்டல் என்ற பாசி ஆராய்ச்சியாளர், டீ கப்பில் முதலில் ஊற்றியது பாலா, டீயா என்பதைக் குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றாராம். அங்கே இருந்தவர் ரொனால்ட் ஃபிஷர். நம்ம சிலபஸில் பாதி இவர் பெயரில்தான் ஓடுகிறது! இந்த டீ சோதனையை அவர் 1935-ல் வெளியிட்ட தன் புத்தகத்தில் விளக்கினார். எட்டு கப். நாலில் பால் முதலில், நாலில் டீ முதலில். கலந்து வைத்துக் கொடுக்க வேண்டும். எட்டிலிருந்து நாலைத் தேர்ந்தெடுக்க 70 வழி. ஒன்றும் தெரியாதவர் குருட்டாம்போக்கில் நாலையும் சரியாகச் சொல்ல வாய்ப்பு 70-ல் ஒன்றுதான்.

நம்மிடமும் எட்டு பாக்கெட். நாலு சிவப்பு, நாலு நீலம். அதே 70!

இப்படி யோசியுங்கள். இரண்டு பிராண்டிலும் சரக்கு ஒன்றேதான், கலர் வெறும் ஸ்டிக்கர் என்று ஒரு வாதத்துக்கு வைத்துக்கொள்வோம். (இந்த வாதத்துக்குத்தான் 'நல் ஹைபோதிசிஸ்' என்று பெயர்.) அப்படியானால் அந்த எட்டு நம்பரில் எந்த நாலின் மேலும் சிவப்பு ஸ்டிக்கர் விழுந்திருக்கலாம். மொத்தம் 70 வழி, எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு. அதில் எத்தனை வழியில் சராசரி வித்தியாசம் மூன்றோ அதற்கு மேலோ வரும்?

உட்கார்ந்து எண்ணினால் வருகிறது: சிவப்புக்குச் சாதகமாக 12, நீலத்துக்குச் சாதகமாக 12. மொத்தம் 24. அதாவது 70-ல் 24, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு தடவை. இரண்டு பிராண்டும் ஒன்றாகவே இருந்தாலும், வெறும் அதிர்ஷ்டத்தால் இவ்வளவு வித்தியாசம் இத்தனை சுலபமாக வரும்! நம்பிக்கை இல்லையா? எட்டு நம்பரையும் எட்டுச் சீட்டில் எழுதுங்கள். குலுக்கி நாலை எடுத்துக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 40-ம் அதற்குக் கீழும், அல்லது 52-ம் அதற்கு மேலும் எத்தனை தடவை வருகிறது என்று போர் அடிக்கும் வரை பாருங்கள்.

டி-டெஸ்ட் போட்டாலும் இதே கதைதான். டி மதிப்பு 1.16 வருகிறது. டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 6-க்கு 5 சதவீத டேபிள் கேட்பது 2.45. பக்கத்தில்கூட வரவில்லை.

அந்த டி-டெஸ்ட்டின் முழுப்பெயர் 'ஸ்டூடன்ட்ஸ் டி'. ஸ்டூடன்ட்டைக் கொடுமைப்படுத்துவதால் வந்த பெயர் இல்லை! டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், 1908-ல் இதை 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் கட்டுரை எழுத கம்பெனி விடாது. அவர் பிரச்னையும் நம்ம பிரச்னைதான். ஆயிரம் சாம்பிள் எடுக்க வசதி இல்லை, கையில் இருப்பது நாலோ ஐந்தோ. அதை வைத்து எவ்வளவு தூரம் நம்பலாம்?

அந்த ஆறு எழுத்து

ஆக, நம்ம முடிவு என்ன? 'தெரியவில்லை.' ஆறே எழுத்து. கவனியுங்கள், 'இரண்டும் ஒன்றுதான்' என்பது இல்லை. சிவப்பு நிஜமாகவே நல்லதாக இருக்கலாம். ஆனால் எட்டு பாக்கெட் அதைச் சொல்லப் போதவில்லை. நாலு சிவப்பும் நாலு நீலத்தையும் முழுசாக முந்தியிருந்தால் கதை வேறு. அப்படி ஒரு பக்கம் முழுசாக ஜெயிக்க 70-ல் 2 வழிதான். சுமார் 3 சதவீதம். அப்போது தைரியமாகப் பேசலாம். இல்லையென்றால் அடுத்த ரவுண்டில் ஆளுக்கு எட்டு பாக்கெட் என்று முன்கூட்டியே முடிவு செய்து மறுபடி இறங்கலாம். அப்போது ஸ்டிக்கர் ஒட்டும் வழிகள் 12,870. விரல் விட்டு எண்ண முடியாது, கம்ப்யூட்டரைக் கூப்பிடுங்கள்.

ஆனால் இந்த இடத்தில்தான் அந்தப் பழைய பெண்டுல வியாதி எட்டிப் பார்க்கும். ராத்திரி பதினொரு மணி. காலையில் ப்ராஜெக்ட் சப்மிஷன். 'தெரியவில்லை' என்று எழுதினால் சார் முறைப்பாரோ என்று பயம். அப்போது ஒரு குரல் சொல்லும், "மச்சான், அந்த 14 வந்த சிவப்பு பாக்கெட் கொஞ்சம் கருகின மாதிரி இல்ல? அதைத் தூக்கிடலாமே!"

நிஜமாகவே கருகியிருக்கலாம். ஆனால் கேள்வி அது இல்லை. நீலத்தில் 8 வந்த பாக்கெட் கருகியிருந்தால் அதையும் இதே வேகத்தில் தூக்கியிருப்பீர்களா? விடையைப் பார்த்த பிறகு போடும் சட்டம் சட்டமே இல்லை. அதனால்தான் பாதி வெடித்த மணி, கருகின பாக்கெட், மொத்தம் எத்தனை பாக்கெட் எல்லாவற்றையும் முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

அந்தக் குரலுக்குத் தம்பிகள் உண்டு. "இன்னும் ஒரு ஜோடி பொரிச்சுப் பார்ப்போம், சிவப்பு ஜெயிக்கிற வரைக்கும்" என்பது ஒரு தம்பி. ஜெயிக்கும் வரை ஆடி, ஜெயித்ததும் நிறுத்தினால் யார்தான் ஜெயிக்க மாட்டார்கள்? "அஞ்சு பிராண்டு வாங்கி ஒவ்வொரு ஜோடியையும் மோதவிடலாம்" என்பது இன்னொரு தம்பி. அஞ்சு பிராண்டில் பத்து ஜோடி. எல்லாமே ஒரே சரக்காக இருந்தாலும், ஜோடிக்கு 5 சதவீதம் ஏமாற வாய்ப்பு என்றால், இரண்டு தடவை இப்படிச் செய்தால் சராசரியாக ஒரு பொய் சாம்பியன் பிறந்துவிடும். அதனால்தான் நிறைய பிராண்டு இருக்கும்போது முதலில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே டெஸ்ட். அதுவும் நம்ம ஃபிஷர் கைங்கர்யம், பெயர் 'அனோவா'.

சாருக்கு ஒரு வார்த்தை, மாணவர்கள் சார்பில். எட்டு நம்பரையும் மறைக்காமல் போட்டு, விதிகளை எழுதி, '70-ல் 24, ஆகவே முடிவு சொல்ல இயலவில்லை' என்று ஒரு ரிப்போர்ட் வந்தால், அதற்கு ஃபுல் மார்க் போடுங்கள் சார். அந்த வரியை எழுதத் தைரியம் வேண்டும். அதற்கு மார்க் குறைத்தால் அடுத்த வருஷம் மொத்த கிளாஸுக்கும் சிவப்புதான் ஜெயிக்கும், 9.8 மாதிரி!

இந்தப் பழக்கம் பாப்கார்னோடு நிற்காது. ஒரு டாப்பர் போட்டோவைப் பெரிசாகப் போட்டு "எங்கள் கோச்சிங் சென்டர்" என்று விளம்பரம் வந்தால், அது ஒரு பாக்கெட். "எங்க காலேஜ்ல ஒருத்தனுக்கு இத்தனை லட்சம் பேக்கேஜ்" என்றால், அதுவும் ஒரு பாக்கெட். மீதி பாக்கெட்டுகள் எங்கே என்று கேளுங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேரை எண்ணாமல் விட்டார்கள் என்று கேளுங்கள். மூன்று லட்சம் ஃபீஸ் கட்டின பிறகு கேட்பதைவிட, முன்னாலேயே கேட்பது நல்லது.

சரி, ஆள் சேருங்கள், பாக்கெட் வாங்குங்கள், முதல் வேலையாக அந்தப் பேப்பரில் விதிகளை எழுதுங்கள். சிவப்பா, நீலமா, 'தெரியவில்லை'யா? எது வந்தாலும் ஒன்று நிச்சயம். அது உங்க சொந்த ரீடிங். அந்த சந்தோஷத்தில் எட்டு பாக்கெட்டையும் காலி பண்ணுங்கள். பல்லில் மாட்டுகிற பொரியாத மணியை மட்டும் பார்த்துக் கடியுங்க!